மஞ்சளா, சிவப்பா: பெங்களூருத் தமிழர் எந்தப் பக்கம் உட்காருவது?

கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒன்பது வருஷமான ஒருவர், ஐபிஎல் கிரிக்கெட்டின் மஞ்சள் சட்டைச் சென்னை அணியையும் (சிஎஸ்கே) சிவப்புச் சட்டைப் பெங்களூர் அணியையும் (ஆர்சிபி) பற்றி இப்படிக் கேட்டிருந்தார்: "காலேஜ் நாளிலிருந்து நான் சிஎஸ்கே. இங்கே பிறந்த என் மகள் ஆர்சிபி. அவளோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, இப்போது ஆர்சிபி ஜெயித்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது. ஆபீஸில் தமிழ் நண்பர்கள் துரோகி என்கிறார்கள். ஒரே அணிக்குத்தான் விசுவாசமாக இருக்கவேண்டுமா? இரண்டு மூன்று அணிகளை ஆதரித்தால் தப்பா?"

தப்பில்லை. ஆனால் எத்தனை அணி என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. தோற்ற ராத்திரி எந்த அணிக்காக உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று பாருங்கள். அதற்குப் பதில் இருந்தால் நாலு அணியை ஆதரிக்கலாம். பதில் இல்லாவிட்டால் ஒரே அணியின் ஜெர்சியை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தாலும் அதை விசுவாசம் என்று சொல்லமாட்டேன்.

என் கதையைச் சொன்னால் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியும். நான் பிறந்து வளர்ந்தது அல்சூரில். அப்பா வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் இருபது வருஷத்துக்கு மேல் பெங்களூர் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். மாநில அணிகள் மோதும் ரஞ்சியில் நான் தமிழ்நாடு, ஐபிஎல்லில் ஆர்சிபி. இரண்டையும் மறைத்ததில்லை. ரஞ்சி நடக்கும்போது கன்னட நண்பர்கள் முறைப்பார்கள், ஐபிஎல் வந்தால் சென்னைச் சொந்தக்காரர்கள் போன் பண்ணித் திட்டுவார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டும் நேராக வந்தவைதான். தமிழ்நாடு அப்பாவிடமிருந்து வந்தது, ஆர்சிபி தெருவிலிருந்து வந்தது.

1988-ல் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை ஜெயித்துத் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வாங்கியபோது அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எதிர்வீட்டுக் கௌடா மாமா வாங்கிக்கொண்டே, "எங்களுக்கு அதற்குள்ளே மூணு ஆயிடுச்சு சாமி" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1954-55-க்கு அப்புறம் அதுதான் இரண்டாவது கோப்பை. மூன்றாவது இன்னும் வரவில்லை. கர்நாடகாவுக்கு இப்போது எட்டு.

ஐபிஎல் முதல் ராத்திரி, 2008 ஏப்ரல் 18, சின்னசாமி ஸ்டேடியம். கொல்கத்தா அணியின் மெக்கல்லம் 158 அடித்துக் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றார். ஆர்சிபி மொத்தமே 82. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு டிவியைச் சுற்றி முப்பது பேர், தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து புலம்பிக்கொண்டிருந்தோம். அந்தப் புலம்பலில்தான் நான் ஆர்சிபி ஆனேன். சென்னை அணி எனக்குப் பிடிக்கும், தோனியைப் பிடிக்காதவர் யார்? ஆனால் அந்த அணி தோற்ற ராத்திரிகளில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதனால் அது என் அணி இல்லை.

உங்கள் நண்பர்கள் துரோகம் என்கிறார்களே, எதற்குத் துரோகம்? ஐபிஎல்லில் அணி என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வருகிறது. கையளவு ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். வாஷிங்டன் சுந்தர் சென்னைப் பையன், நாலு சீசன் ஆர்சிபிக்கு ஆடினார். ராபின் உத்தப்பா கர்நாடகாக்காரர், 2021-ல் சிஎஸ்கேயில் இருந்து கோப்பை வாங்கினார். அஸ்வின் சென்னையில் தொடங்கி புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றி 2025-ல்தான் திரும்பி வந்தார். முதல் சீசனிலிருந்து ஒரே அணிக்கு ஆடிவருகிறவர் என்றால் விராட் கோலி மட்டும்தான். தோனிக்குக்கூட நடுவில் இரண்டு வருஷம் புனே சட்டை.

இதையெல்லாம் சொல்வது ஐபிஎல் விசுவாசம் பொய் என்று காட்டுவதற்கு இல்லை. என்னுடையது பொய் இல்லை. ஆனால் இங்கே பற்று ஆட்களைவிட ஊரையும் நிறத்தையும் கூட உட்கார்ந்து கத்தியவர்களையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த ஊர் பெங்களூர். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கு அது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2024 மே 18 ராத்திரியைச் சொல்லவேண்டும். சின்னசாமியில் ஆர்சிபிக்கும் சிஎஸ்கேவுக்கும் கடைசி லீக் ஆட்டம். பிளேஆஃபுக்குப் போக ஒரே இடம்தான் பாக்கி. ஆர்சிபி 218. சிஎஸ்கே ஜெயிக்க வேண்டியதுகூட இல்லை, 201 எடுத்தால் ரன் ரேட்டில் உள்ளே போய்விடும். நான் சிவப்புச் சட்டையில். என் பக்கத்தில் ஓசூரிலிருந்து வந்திருந்த தங்கை மகன் மஞ்சள் சட்டையில். மழை வந்து நின்று, பந்து ஈரமாகிவிட்டிருந்தது. கடைசி ஓவரில் சிஎஸ்கேவுக்குத் தேவை 17. யஷ் தயாளின் முதல் பந்தைத் தோனி ஸ்டேடியத்துக்கு வெளியே அடித்தார். மஞ்சள், சிவப்பு எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம், நானும்தான். ஆனால் அந்தப் பந்து தொலைந்துபோனதால் காய்ந்த பந்து ஒன்று கைக்கு வந்தது. அடுத்த பந்திலேயே தோனி அவுட். மீதிப் பந்துகளில் ஒரே ஒரு ரன். 27 ரன் வித்தியாசத்தில் ஆர்சிபி ஜெயித்து உள்ளே போனது.

அன்றைக்கு ஆட்டநாயகன் யார் தெரியுமா? ஃபாஃப் டு பிளெஸ்ஸி. பல வருஷம் மஞ்சள் சட்டையில் ஆடி, சென்னைக்காரர்கள் சொந்தப் பையன்போல வைத்திருந்தவர், அப்போது ஆர்சிபி கேப்டன். தங்கை மகன் அழவில்லை. "ஃபாஃப் நம்ம ஆள்தானே மாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அப்புறம் கப்பன் பார்க் மெட்ரோவரைக்கும் வாயே திறக்கவில்லை. ஸ்டேஷன் படியில் சிவப்புச் சட்டைக் கூட்டம் அவனைப் பார்த்துக் கத்தியபோதும் மஞ்சள் சட்டைமேல் ஜாக்கெட் போட்டு மூடவில்லை. அவன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இதுவரை குறையவில்லை.

அந்தச் சட்டையை மூடாமல் இருந்ததுதான் நான் சொல்லவருகிறது. அமெரிக்காவில் 1976-ல் ராபர்ட் சியால்டினியும் கூட இருந்தவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சனிக்கிழமை பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்தில் ஜெயித்தால், திங்கட்கிழமை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பில் அதிகமாகத் தெரிந்தன, தோற்றால் குறைந்தன. போனில் கூப்பிட்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்கள்" என்று பேசியவர்கள் அதிகம். தோற்ற ஆட்டத்துக்கு அந்த "நாங்கள்" குறைந்துபோனது. நமக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூட வேண்டாம், வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனில் கேட்டுப் பாருங்கள். ஜெயித்த மறுநாள் "ஜெயிச்சுட்டோம்!" தோற்ற மறுநாள் "கேவலமா ஆடுனாங்க." உங்களைத் துரோகி என்றவர்கள் சிஎஸ்கே கடைசி இடத்தில் முடித்த 2025 சீசனில் எந்த விகுதியில் பேசினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "தோத்துட்டோம்" என்று சொன்னவர் ஒருவராவது இருந்தால் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மற்றவர்களை விட்டுவிடலாம்.

சிஎஸ்கே ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்று முன்பே வந்தது. சூதாட்ட விவகாரத்தில் 2015 ஜூலையில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடை. அணியே இல்லை, என்ன செய்வது? தோனியோடு புனேவுக்குப் போனவர்கள் உண்டு. ரெய்னாவோடு குஜராத் லயன்ஸுக்குப் போனவர்கள் உண்டு. இங்கே பெங்களூரில் இருந்தவர்கள் பலர் அந்த இரண்டு வருஷம் சின்னசாமிக்கு வந்து ஆர்சிபிக்குக் கத்தினார்கள், அவர்களோடு நானே உட்கார்ந்திருக்கிறேன். 2018-ல் சென்னை திரும்பி வந்ததும் எல்லாரும் மஞ்சளுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த வருஷம் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம்தான் நடந்தது, மீதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அதற்கும் சென்னையிலிருந்து தனி ரயிலில் போனார்கள் ரசிகர்கள். நடுவில் வேறு அணிக்குக் கைதட்டியவர்களை யாரும் துரோகி என்று தள்ளி வைக்கவில்லை. வீடு பூட்டியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் சாப்பிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

காவிரி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. 2016 செப்டம்பரில் இந்த ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பஸ்களை எரித்த அந்த நாளில், எங்கள் வீட்டில் பையன் மஞ்சள் சட்டையோடு வெளியே கிளம்பியபோது நான்தான் மாற்றிக்கொண்டு போகச் சொன்னேன். பயத்தால் சட்டை மாற்றுவதும், தோற்றதால் சட்டை மாற்றுவதும் ஒன்றில்லை. "நீ எந்த ஊர் ஆள்?" என்பதற்கு மறைமுகமாக "நீ எந்த அணி?" என்று கேட்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். 1990-ல் இங்கிலாந்து அரசியல்வாதி நார்மன் டெபிட் இதையே குடியேறியவர்களுக்கு ஒரு பரீட்சையாக வைத்தார்: கிரிக்கெட்டில் யாருக்குக் கைதட்டுகிறீர்கள், வந்த நாட்டுக்கா, பிறந்த நாட்டுக்கா? அப்புறம் பத்து வருஷத்துக்குள் மெட்ராஸில் பிறந்த நாசர் ஹுசைன் அதே இங்கிலாந்துக்குக் கேப்டனாகிவிட்டார். அந்தப் பரீட்சையை மகளுக்கு நீங்களும் வைக்காதீர்கள், உங்களுக்கு வைக்கவும் யாரையும் விடாதீர்கள்.

சரி, பல அணிகளை ஆதரிப்பதில் எனக்கு இருக்கிற ஒழுங்கைச் சொல்கிறேன். ஸ்கோர் மேஜையில் கற்றது அது. கிரிக்கெட்டுக்குப் படிகள் இருக்கின்றன: தெரு, கிளப், மாநிலம், நாடு. ஐபிஎல் பக்கத்தில் தனியாக நிற்கிற ஒரு படி. ஒரு படிக்கு ஒரு அணி என்று வைத்துக்கொண்டால் மோதலே வராது. 2015 மார்ச்சில் வான்கடேவில் ரஞ்சி இறுதிப் போட்டி, தமிழ்நாடும் கர்நாடகாவும். நாம் முதலில் 134-க்குச் சுருண்டோம். கருண் நாயர் 328 அடித்தார். கர்நாடகா 762. இன்னிங்ஸ் தோல்வி. அந்த நாட்களில் கருண் நாயர் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில், அதே கருண் நாயர் நம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 303, அவுட் இல்லை. டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன். நான் மாறவில்லை, படிதான் மாறியிருந்தது.

ஆனால் ஒரே படியில் இரண்டு பேரை வைக்கமுடியாது என்பதையும் தமிழ்நாடு-கர்நாடகாதான் எனக்குக் காட்டியது. 2019 அக்டோபரில் சின்னசாமியில் மாநில அணிகளின் ஒருநாள் கோப்பையான விஜய் ஹசாரே ஃபைனல். கர்நாடகாவின் மிதுன் தன் பிறந்தநாளில் ஹாட்ரிக் எடுத்தார், நாம் தோற்றோம். அதற்கு அடுத்து ஆறு வாரத்துக்குள் சூரத்தில் டி20 கோப்பையான சையத் முஷ்டாக் அலி ஃபைனல். கடைசி ஓவரில் 13 தேவை, முதல் இரண்டு பந்தையும் அஸ்வின் பவுண்டரிக்கு அடித்தார். இனி நாலு பந்தில் ஐந்து. அதிலும் ஒரு ரன்னில் தோற்றோம். அப்புறம் 2021 நவம்பர், டெல்லி, அதே கோப்பை, அதே இரண்டு அணி. கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். நம் பேட்ஸ்மேன் ஷாருக் கான் (நடிகர் இல்லை) சிக்ஸர் அடித்தார்.

அந்த ஒரு சிக்ஸருக்கு நான் வீட்டில் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். 2019-ன் இரண்டு தோல்வியையும் சுமந்திராவிட்டால் அந்தச் சத்தம் வந்திருக்காது. "யார் ஜெயித்தாலும் எனக்குச் சரி, இரண்டும் நம்ம ஊர்தான்" என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் அது இன்னொரு நல்ல ஆட்டம், அவ்வளவுதான். ஐந்து அணியை வைத்துக்கொண்டு மே மாதம் வந்ததும் மேலே இருக்கிற அணிக்கு நகர்கிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், அவர்கள் காசு, அவர்கள் நேரம். ஆனால் அவர்களுக்கு ஏதோ கிடைக்காமல் போகிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். ஃபேண்டசி ஆட்டத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, விக்கெட் விழுந்தால் சந்தோஷப்படவா வேண்டாமா என்று தெரியாமல் முழிக்கிற பையன்களைப் பார்த்தாலும் எனக்கு அந்த வருத்தம்தான்.

ஒரு பக்கம் நிற்பதற்கும் எதிரணியை வெறுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்கோர் எழுதும்போது இரண்டு அணியின் ஸ்கோரர்களும் ஒரே மேஜையில் ஒட்டி உட்கார்ந்து, ஓவருக்கு ஓவர் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அவர்கள் பையனின் பவுண்டரியைக் குறைத்து எழுதமுடியாது, நம்முடையதைக் கூட்டவும் முடியாது. சேப்பாக்கத்துக் கூட்டம் இதை எல்லாருக்கும் செய்து காட்டியது. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானிடம் 12 ரன்னில் டெஸ்ட் தோல்வி. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து அவுட் ஆனபின், கையில் இருந்த ஆட்டம் போய்விட்டது. அழுதுகொண்டிருந்த அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இந்தியாவை விட்டுக்கொடுத்தவர்களா? அதற்கும் முன்னால் நம் விஸ்வநாத்தை, கர்நாடகாவின் விஷியை, மெட்ராஸ் எப்படிக் கொண்டாடியது! 1975-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அவர் அங்கே அடித்த 97-ஐ அப்பா சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். சுழற்பந்தில் கர்நாடகாவின் பிரசன்னாவா, நம் வெங்கட்ராகவனா என்ற சண்டையில் மட்டும் அவர் யாருக்கும் இறங்கி வந்ததில்லை.

எந்த ஊர் அணி, எந்த மொழி அணி என்ற கணக்கெல்லாம் உடைந்துபோகிற ஒரு இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அல்சூரை ஒட்டிய கௌதமபுரம். தமிழர்கள் நிறைந்த பேட்டை, கால்பந்துதான் அங்கே மூச்சு. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் சந்தெல்லாம் பிரேசில் கொடி. அங்கே யாருக்கும் பிரேசிலில் சொந்தக்காரர் இல்லை. 2002-க்கு அப்புறம் அந்த அணி உலகக் கோப்பையை வாங்கவும் இல்லை. 2014-ல் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற ஆட்டம் நமக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. நான் அங்கே ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். நாலு கோல் விழுந்ததுமே நான் கிளம்பத் தயாராகிவிட்டேன். அவர் வீட்டுப் பெரியவர் அசையவில்லை. ஏழும் விழுகிறவரை பார்த்தார். காலையில் பேரனை எழுப்பி, மஞ்சள் சட்டையையே போட்டு மைதானத்துக்கு அனுப்பினார். நான் பார்த்த விசுவாசத்திலேயே பெரியது அதுதான். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற அணிக்கே அப்படி இருக்கமுடிகிறதே.

2025 ஜூன் 3, ஆர்சிபி அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்தபோது எங்கள் தெருவில் பட்டாசு விடிய விடிய வெடித்தது. 2009, 2011, 2016 என்று மூன்று ஃபைனல் தோல்வியையும், கொல்கத்தாவில் 49-க்குச் சுருண்டதையும் சேர்த்து வைத்து அழுதேன். மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சிவப்புச் சட்டையை நான் பல மாதம் எடுக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றால் சட்டையை மூடக்கூடாது என்று சொல்கிற நான்தான், அந்த நாட்களில் யாராவது "கோப்பை வாங்கிட்டோம்" என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். உங்கள் மகள் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஐபிஎல்லில் நீங்கள் சிஎஸ்கேயாகவே இருங்கள். காலேஜ் நாளிலிருந்து வந்த பற்றை யாருக்காகவும் கழற்றவேண்டாம். ஆர்சிபி மற்ற அணிகளோடு ஆடும்போது மகளோடு சேர்ந்து மனம்விட்டுக் கத்துங்கள், அது அவள் மேல் இருக்கிற பாசம், அதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டும் மோதும் நாளில் மட்டும் மஞ்சள் சட்டை போட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவளைச் சந்தோஷப்படுத்த அன்றைக்குச் சிவப்புக்கு மாறினால், குழந்தைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆட்டமும் சப்பென்று போய்விடும். தோற்றால் அவள் கிண்டல் செய்யட்டும், நீங்கள் "தோத்துட்டோம்" என்றே சொல்லுங்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் சின்னசாமியில் ரஞ்சி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நாள் அவளை அழைத்துப்போங்கள். பாட்டும் கிடையாது, கூட்டமும் இருக்காது. பந்து மட்டையில் படும் சத்தம் கேலரிவரைக்கும் கேட்கும். நாலு நாள் ஆட்டம், அதனால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஆடுவது தமிழ்நாடும் கர்நாடகாவுமாக அமைந்துவிட்டால், எந்தப் பக்கம் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.